என்ஜினைப் பிரித்துப் பார்த்த மேதை! ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை

தூத்துக்குடிக் கடற்கரையில் பழைய என்ஜினுக்கு மதிப்பு அதிகம். லாரியில் ஓடிக் களைத்த என்ஜின், விசைப்படகில் ஏறிக் கடலுக்குப் போகும். படகுக்கு ஆகாத என்ஜின், உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரிகளும், வீட்டு வாசலில் நிற்கும் பழைய அம்பாசடர் கார்களும் இந்த உப்புக் காற்றில்தான் ஓடியாக வேண்டும்.

அதனால் இந்த ஊரில் திருப்புளியைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். என்ஜின் நீலப் புகை விட்டால், உடனே அதை எடைக்குப் போட்டுவிட மாட்டார்கள். மூடியைக் கழற்றிப் பார்ப்பார்கள். எது தேய்ந்திருக்கிறதோ அதை மட்டும் மாற்றுவார்கள். பிறகு ஓட்டுவார்கள்.

என்ஜின் என்பது வெள்ளைக்காரனுக்கு மட்டுமே தெரிந்த மாயவித்தை என்று நம் மக்கள் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில், யாரிடமும் போய்ப் படிக்காமல், மோட்டார் வண்டி ஒன்றை வாங்கி அக்கக்காகப் பிரித்துப் போட்டு மறுபடியும் பூட்டினார் ஒரு கிராமத்து இளைஞர். தமிழ்நாட்டில் தொழில் அறிவுக்கு அடையாளமாக விளங்கும் ஜி. டி. நாயுடுதான் அவர்.

மண்ணை வீசிய மாணவன்

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்ற கிராமத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி பிறந்தார் துரைசாமி. தந்தை கோபால்சாமி நாயுடு ஒரு விவசாயி. தாயார், குழந்தைப் பருவத்திலேயே மகனை விட்டு மறைந்து விட்டார்.

பள்ளிக்கூடம் என்றால் துரைசாமிக்கு வேப்பங்காய். வாத்தியார் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. இது அந்தப் பையனுக்குப் பிடிக்கவில்லை. கையில் மண்ணை அள்ளி வாத்தியார் மீதே வீசிவிட்டு ஓடினான் என்று அவரது இளமைப் பருவம் பற்றி ஒரு கதை உண்டு. ஆரம்பப் பள்ளியைத் தாண்டி அவர் படிக்கவில்லை.

ஆனால் படிப்பை வெறுத்தவர் அல்ல. தமிழில் கிடைத்த புத்தகங்களைத் தாமே தேடிப் படித்தார். பகலில் வயலில் வேலை, ஓய்ந்த நேரத்தில் புத்தகம். பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்காததைத் தாமே கற்றுக்கொள்ளும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

வழியில் நின்ற வண்டி

கலங்கல் கிராமத்துக்கு ஒரு நாள் ஒரு புதிய வண்டி வந்தது. மாடு இல்லை, குதிரை இல்லை. இரண்டே சக்கரம். தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டு தானாகவே ஓடியது! ரெவினியூ அதிகாரியான ஒரு வெள்ளைக்காரர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்தில் தயாரான ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிள் அது.

துரைசாமி அதைப் பார்த்தார். அன்றே மனம் அதன்மேல் விழுந்துவிட்டது.

வண்டி வழியில் நின்று போக, துரை கீழே இறங்கி அதை அங்கங்கே கழற்றித் துடைத்துச் சரிசெய்ததையும், அருகில் நின்ற இளைஞர் கண்கொட்டாமல் கவனித்ததையும் இன்றும் கோவை வட்டாரத்தில் சொல்வார்கள். வண்டி ஓடியது ஓர் ஆச்சரியம் என்றால், நின்றுபோன வண்டியை மனிதன் கையாலேயே மீண்டும் ஓடவைக்க முடிகிறது என்பது அதைவிடப் பெரிய ஆச்சரியம்!

அந்த வண்டி எப்படியும் தமக்கு வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கையில் காசு இல்லை. கிராமத்தை விட்டுக் கோயமுத்தூருக்குப் புறப்பட்டார். ஓர் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மேஜை துடைத்தார், காப்பி கொண்டு போய்க் கொடுத்தார். காலணா அரையணாவாகச் சேர்த்து வைத்தார். சுமார் மூன்று ஆண்டுகளில் முந்நூறு ரூபாய் வரை சேர்ந்தது என்பார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு துரையிடம் போனார். மோட்டார் சைக்கிள் கைக்கு வந்தது.

பிரித்தார், பூட்டினார்!

வேறு ஒருவராக இருந்தால், அதன்மேல் ஏறி ஊரைச் சுற்றி வந்திருப்பார். துரைசாமி அப்படிச் செய்யவில்லை. அரும்பாடுபட்டு வாங்கிய வண்டியை அக்கக்காகப் பிரித்துப் போட்டார்!

ஊரார் கண்ணுக்கு அது பைத்தியக்காரத்தனம். ஆனால் அவர் கண்ணுக்கு அதுவே பாடப்புத்தகம். அந்த ஒற்றைச் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி ஒரு வால்வு வழியாக உள்ளே வருகிறது. பொறி பட்டு வெடிக்கிறது. எரிந்த புகை இன்னொரு வால்வு வழியாக வெளியே போகிறது. எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதில்தான் என்ஜினின் உயிர் இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, வால்வு சரியாக உட்காராமல் போனாலோ வண்டி திணறும்.

இதையெல்லாம் யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை. ஒவ்வொரு திருகாகக் கழற்றி, ஒவ்வொரு திருகாக முடுக்கி, தாமே கண்டுகொண்டார். முத்துக் குளிப்பவன் கரையில் நின்றுகொண்டு கடலின் ஆழத்தைக் கணக்குப் போடுவதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி விடுகிறான். துரைசாமியும் அப்படித்தான் என்ஜினுக்குள் இறங்கினார். வெளியே வந்தபோது அவர் ஒரு மெக்கானிக்!

செக்கும் என்ஜினும்

இவர் இளைஞராக இருந்த காலத்தில், அதே கோயமுத்தூரில் இன்னொரு காட்சியும் நடந்தது. தூத்துக்குடியில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையை வெள்ளையர் அரசாங்கம் 1908-ல் கைது செய்தது. அவரைக் கொண்டு வந்து அடைத்த இடம் கோயமுத்தூர் சிறைதான். மாடு இழுக்க வேண்டிய எண்ணெய்ச் செக்கை, கப்பல் ஓட்டிய தமிழன் அங்கே இழுத்தார். அப்போது துரைசாமிக்கு வயது 15.

கப்பல் கம்பெனி என்ன ஆயிற்று? எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அதை நெரித்தது. தலைவர் சிறையில் இருக்க, 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்கப்பட்டன. எந்திரத்தை விலைக்கு வாங்கினால் மட்டும் போதாது. அதை நடத்தும் தொழிலும் சந்தையும் அதிகாரமும் நம் கையில் இருக்க வேண்டும் என்ற பாடத்தைத் தூத்துக்குடி பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அதே பாடம் பல ஆண்டுகளுக்குப் பிறகு நாயுடுவுக்கும் காத்திருந்தது.

பருத்தி கொடுத்த அடி

முதல் உலகப்போர் மூண்டது. பருத்திக்குக் கிராக்கி வந்தது. திருநெல்வேலிப் பருத்தி தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. நாயுடு திருப்பூரில் பருத்தி அரைக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். நல்ல லாபம் கிடைத்தது.

லாபம் கண்ட உற்சாகத்தில் பம்பாய்க்குப் போனார். அங்கே பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். சேர்த்ததெல்லாம் போயிற்று! எந்திரத்தின் போக்கை அறிந்தவருக்குச் சந்தையின் போக்குப் பிடிபடவில்லை. வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

ஒரே ஒரு பஸ்

வந்தவர் சோர்ந்து உட்காரவில்லை. கோயமுத்தூரில் பெரிய தொழிலதிபராக இருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ், இந்த இளைஞரின் திறமையை அறிந்தவர். அவருடைய உதவியால் கடனுக்கு ஒரு பஸ் கிடைத்தது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. டிரைவர் யார்? சாட்சாத் நாயுடுவேதான்!

ஒரு பஸ் இரண்டாயிற்று, இரண்டு பலவாயிற்று. ‘யு. எம். எஸ்.’ என்ற பெயரில் கோவை வட்டாரம் எங்கும் அவருடைய பஸ்கள் ஓடின. 1930-களில், நாட்டிலேயே மிக ஒழுங்காக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

அந்த ஒழுங்குக்குக் காரணம் பஸ் அல்ல, பட்டறை! கெட்டுப்போன பிறகு பழுது பார்ப்பது என்பதோடு அவர் நிற்கவில்லை. ரேடியேட்டர் செய்யத் தனித் தொழிற்சாலை. ஆர்மேச்சர் சுற்றத் தனிப் பட்டறை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினார். சீமையிலிருந்து உதிரிப் பாகம் வந்து சேரும் வரை வண்டியை நிறுத்தி வைக்கிற நிலையை மாற்றினார்.

புகை சொல்லும் சேதி

அந்தக் காலத்து பஸ் என்ஜின்களில் அடிக்கடி வரும் வேலை வால்வு வேலைதான். கரி படிந்து போகும். வால்வு உட்காரும் இடம் தீய்ந்து போகும். பிரித்து, கரி சுரண்டி, வால்வைத் தேய்த்துப் பொருத்த வேண்டும்.

பிற்காலத்தில் வால்வுகள் என்ஜினின் தலைக்கு ஏறின. அவற்றின் மேல் எண்ணெய் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணெய் வால்வுத் தண்டின் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்க, சிறிய ரப்பர் தொப்பி ஒன்று வந்தது. அதற்குத்தான் ‘வால்வு சீல்’ என்று பெயர். சூட்டில் வெந்து வெந்து ரப்பர் கல்லாகி வெடித்து விட்டால், எண்ணெய் உள்ளே கசியும், எரியும், நீலப் புகையாக வெளியே வரும்.

அந்தப் புகையைப் பார்த்தே நோயைச் சொல்லி விடலாம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று நீலப் புகை வந்து, பிறகு நின்று விட்டால், சந்தேகம் வால்வு சீலின் மேல்தான். இறக்கத்தில் காலை எடுத்து, மறுபடி அழுத்தும்போது புகைத்தாலும் அதேதான். ஓயாமல் புகைத்து, இழுவையும் குறைந்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக் கூடும். அது பெரிய வேலை.

பழைய பெட்ரோல் கார் பலவற்றில், என்ஜின் தலையை இறக்காமலே வீட்டில் வைத்து இந்த சீலை மாற்றி விடலாம். மேல் மூடியையும், வால்வை அழுத்தும் ராக்கரையும் கழற்ற வேண்டும். பிளக்கை எடுத்துவிட்டு, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், பிஸ்டன் சற்றுக் கீழே இருக்கும்போது, அந்தத் துவாரத்தின் வழியாகச் சுத்தமான நைலான் கயிற்றை உள்ளே திணிக்க வேண்டும். கயிற்றின் நுனி வெளியே இருக்க வேண்டும். பிறகு என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றினால், பிஸ்டன் மேலே வந்து கயிற்றை வால்வோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இப்படிச் செய்யாமல் ஸ்பிரிங்கைக் கழற்றினால், வால்வு சிலிண்டருக்குள் விழுந்து விடும். அப்புறம் தலையை இறக்கியே தீர வேண்டும்!

அடுத்து, ஸ்பிரிங்கை அழுத்தி, வால்வைப் பூட்டியிருக்கும் இரண்டு சிறு அரைவட்டத் துண்டுகளைக் காந்தத்தால் எடுக்க வேண்டும். அதற்கு முன்பே, எண்ணெய் இறங்கும் துளைகளைத் துணியால் அடைத்துவிடுவது புத்திசாலித்தனம். ஒரு துண்டு உள்ளே விழுந்தால் அரை நாள் வேலை இரண்டு நாள் ஆகும். பழைய சீலைக் குறடால் பிடித்து இழுத்துவிட்டு, புதியதற்கு எண்ணெய் தடவி நேராக அழுத்திப் பொருத்த வேண்டும். வால்வுத் தண்டை அசைத்தும் பார்க்க வேண்டும். அது ஆடினால் அதைத் தாங்கும் கைடு தேய்ந்து விட்டது என்று பொருள். அதைக் கவனிக்காமல் புது சீல் மட்டும் போட்டால் பணம் வீண்.

சீலின் விலை சொற்பம். அதைப் போடத் தேவைப்படுவது பொறுமையும், பிரித்த வரிசையை மறக்காத மனமும்தான். கலங்கல் கிராமத்து இளைஞர் தம் மோட்டார் சைக்கிளிடம் கற்ற முதல் பாடமும் அதுவே.

சவரக் கத்தியிலிருந்து ரேடியோ வரை

1930-களில் நாயுடு வெளிநாடுகளுக்குப் போய் வந்தார். ஜெர்மனியில் தொழிற்சாலைகளைப் பார்த்தார். சின்னஞ்சிறு மோட்டார் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பாட்டரியில் ஓடும் சவரக் கத்தியாக அதை மாற்றினார். மிக மெல்லிய பிளேடு ஒன்றும் செய்தார். பழம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு எந்திரம் என்று அவருடைய பட்டறையிலிருந்து வந்தவை பல.

படம் பிடிப்பதிலும் அவருக்கு ஆசை. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். காந்தி, நேரு, சுபாஷ் போஸ் ஆகியோரையும் அவருடைய கேமரா பதிவு செய்தது. சட்டசபைத் தேர்தலிலும் ஒரு முறை நின்று பார்த்தார், தோற்றார். எந்திரங்களிடமே திரும்பி வந்தார்.

1937-ல், டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து கோவையில் மின்சார மோட்டார் ஒன்றைத் தயாரித்தார். இந்தியாவில் உருவான முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பின்னாளில் கோயமுத்தூர், மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் நாடெங்கும் பெயர் வாங்கியதற்கு அதுதான் பிள்ளையார் சுழி. தூத்துக்குடி வட்டாரத்துத் தோட்டக் கிணறுகள் வரை கோவை மோட்டார் வந்து சேர்ந்தது.

1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று காட்டினார். வசதி படைத்தவர் வீட்டில் மட்டும் பாடிய ரேடியோவைச் சாமானியன் வீட்டுக்கும் கொண்டு வருவதே அவர் நோக்கம்.

நாலு வருஷம் எதற்கு?

1944-ல் மோட்டார்த் தொழிலிலிருந்து ஒதுங்கினார். தொழிற்கல்விப் பக்கம் கவனத்தைத் திருப்பினார். அப்போது சென்னை கவர்னராக இருந்த சர் ஆர்தர் ஹோப்பின் பெயரால், 1945-ல் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. நாயுடு அதற்குப் பெரும் துணையாக நின்றார். தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், என்ஜினியர்களை உருவாக்கும் கல்லூரிக்குத் தலைவர்!

ஆனால் அங்கேயும் அவருடைய பழைய கேள்வி எழுந்தது. நாலு ஆண்டுப் படிப்பு எதற்கு? பட்டறையில் கையால் வேலை செய்யவிட்டால் இரண்டே ஆண்டில் கற்றுக்கொள்ளலாமே என்றார். அரசாங்கம் ஒப்பவில்லை. அவரும் இறங்கி வரவில்லை. பதவியை விட்டு விலகினார்.

அவர் சொன்னது முழுவதும் சரி என்று சொல்லிவிட முடியாது. பாலம் கட்டுகிறவருக்கும் கப்பல் கட்டுகிறவருக்கும் கணக்கும் விஞ்ஞானமும் ஆழமாகத் தெரிய வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் பட்டம் வாங்கிய பிறகும் ஒரு திருகைக் கழற்றப் பயப்படுகிற படிப்பால் என்ன பயன் என்று அவர் எழுப்பிய கேள்வி இன்றும் நிற்கிறது. அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

2,000 ரூபாய்க்குக் கார்!

நாயுடுவின் வாழ்க்கையில் மிகப் பெரிய ஏமாற்றம் 1952-ல் வந்தது.

இரண்டு பேர் உட்காரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! கார் என்றால் ஜமீன்தாரும் மில் முதலாளியும் ஏறுவது என்றிருந்த நாட்டில், பள்ளிக்கூட வாத்தியாரும் சின்னக் கடைக்காரரும் ஏறக்கூடிய காரை அவர் கனவு கண்டார்.

ஆனால் ஒரு காரைச் செய்தால் போதாது. ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும். அதற்கு லைசென்சு வேண்டும். என்ன பொருளை, யார், எத்தனை தயாரிப்பது என்பதை அரசாங்கம் தீர்மானித்த காலம் அது. நாயுடுவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கார் நின்றது.

வெள்ளைக்கார ஆட்சியில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு தமிழனின் கப்பல் நின்றது. சுதந்திர இந்தியாவில் கோயமுத்தூர்ப் பட்டறையில் ஒரு தமிழனின் கார் நின்றது. முன்னது அந்நியன் செய்த கொடுமை; பின்னது நம்மவரே போட்ட கட்டுப்பாடு. இரண்டும் ஒன்றல்லதான். ஆனால் இரண்டிலும் இழந்தது யார்? சாதாரண மக்கள்! மலிவு விலைக் கார் என்ற பேச்சை நாடு மீண்டும் பெரிதாகக் கேட்பதற்கு, மாருதி கார் வெளிவந்த 1983 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடைசி வரை கேள்வி

கார் நின்றது என்பதற்காக நாயுடு நிற்கவில்லை. தோட்டத்தில் இறங்கினார். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதுப்புது சோதனைகள் செய்தார். எந்திரத்தைப் பிரித்த கை, செடியை ஆராய்ந்தது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சர் சி. வி. ராமன், பள்ளிப்படிப்பு இல்லாத இந்த மேதையை வாயாரப் புகழ்ந்தார்.

1974-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி ஜி. டி. நாயுடு காலமானார். அதே ஆண்டு ஜூலை மாதத்தில்தான் தூத்துக்குடி, பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் ஓட்டிய தமிழனின் பெயரை அது இன்று தாங்கி நிற்கிறது. கோவையில் நாயுடுவின் பெயரும் நிலைத்து விட்டது. அவிநாசி சாலையில் அவருடைய தொழிற்பொருட்காட்சி இருக்கிறது. பழைய கார்களின் காட்சிசாலையும் இருக்கிறது. அதே சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட மேம்பாலம், 2025-ல் அவருடைய பெயரோடு திறக்கப்பட்டது.

காட்சிசாலையில் உள்ள பொருள்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். ஆனால் நாயுடு விட்டுச்சென்ற உண்மையான சொத்து கண்ணாடிக்குள் இல்லை. கெட்டுப்போன பொருளைத் தூக்கி எறிவதற்கு முன், அதைப் பிரித்துப் பார்க்கும் துணிவே அந்தச் சொத்து. மூன்று வருஷம் மேஜை துடைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டியைப் பிரித்துப் போடும்போது அவருக்கும் கை நடுங்கியிருக்கும். ஆனாலும் பிரித்தார். அதனால்தான் தமிழ்நாட்டுப் பட்டறைகளில், பள்ளிக்கூடம் எட்டிப்பாராத எத்தனையோ பையன்கள் இன்று என்ஜினின் மூடியைப் பயமில்லாமல் திறக்கிறார்கள்!